புகை ராஜாவும் எஸ்தர் டீச்சரும்

எஸ்தர் டீச்சர் இறந்துபோன செய்தி எனக்குத் தப்பாகத்தான் வந்து சேர்ந்தது. கீழேயிருந்து மலைக்கு வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "டீச்சர், விஷயம் தெரியுமா? உங்க பெரிய மேடம் தண்ணித் தொட்டி மேல நின்னுக்கினு இருக்கும்போதே உயிரு பூட்ச்சாம். ஏறினவங்க இறங்கவே இல்லையாம்" என்றார். திங்கட்கிழமை காலை அது. தொட்டி என் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. கார்த்திகை மழையில் நனைந்து, பாசி பிடித்து, மேலே ஒரு காக்கைகூட இல்லாமல். "எந்தத் தொட்டிங்க?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பள்ளியில் போன் சிக்னல் கிடைப்பது மைதானத்தின் கடைசி மூலையில்தான். ஓடிப்போய் எஸ்தரின் தம்பி சாமுவேலை அழைத்தேன். படவேட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அவர் அழுது முடித்திருந்த குரலில் நிதானமாகச் சொன்னார்: "நேத்து கோயிலுக்குப் போய்ட்டு வந்தாங்க. நல்லா சாப்ட்டாங்க. கொஞ்சம் படுக்கறேன்னாங்க. காபி போட்டு எழுப்பினேன், எழுந்திருக்கல டீச்சர்." அவ்வளவுதான் நடந்தது. அறுபதை எட்டாத ஒரு தலைமை ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் வீட்டுக் கட்டிலில் தூக்கத்தில் போனார். மைதானத்து மூலையில் மழையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிவிட சத்துணவு அமைப்பாளர் வரவேண்டியிருந்தது.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், எஸ்தரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். உங்களில் பாதிப் பேர் இந்நேரம் தொட்டிக் கதையை நம்பியிருப்பீர்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். செத்தவர் மேல் கதை கட்டுவது எனக்குப் பிடிக்காது. கதை கட்டிவிட்டால் ஆளைத் தொலைத்துவிடுவோம். எஸ்தரைத் தொலைக்க நான் தயாராக இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொட்டிக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு ஒரு ராஜாவிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ராஜா எங்கள் பள்ளிக்கு ஜீப்பில் வந்தார்.

காவலூர் தொலைநோக்கியைப் பார்க்க வந்திருந்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஒருவரை, பிள்ளைகளுக்குக் கிரகங்களைப் பற்றிப் பேசச் சொல்லி ஒரு நாள் காலையில் அழைத்து வந்தார்கள். அப்போது எஸ்தர் தலைமை ஆசிரியை ஆகியிருக்கவில்லை. கணக்கு டீச்சர், கூடவே விடுதி வார்டன். பிரார்த்தனை மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த மனிதர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றியிருந்த மலைகளைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு சரிவிலும் ஒரு குக்கிராமம், ஒவ்வொன்றின் மேலும் காலைச் சமையல் புகை. அவர் அதைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கூட வந்த ஜீப் டிரைவர் அதைக் கேட்டு எங்களுக்குச் சொன்னார்.

"மேடம், இவங்க நாட்ல ஆதி காலத்துல ஒரு ராஜா இருந்தாராம். ஒசரமா ஒரு எடத்துல ஏறி நின்னு ஊரைப் பாத்தாராம். ஒரு வூட்லயும் பொக வரலையாம். சோறு பொங்கினாத்தான பொக வரும்? ஜனங்க பட்டினி கெடக்குதுன்னு புரிஞ்சிக்கினு, மூணு வருஷத்துக்கு யாரும் வரி குடுக்க வேணாம், அரமனை வேலைக்கும் வர வேணாம்னுட்டாராம். அவரு அரமனைக் கூரையே ஒழுவுது, பாத்திரம் வச்சுப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தாராம். அப்புறம் ஏறிப் பாத்தா எல்லா வூட்லயும் பொக."

"ராஜா பேரு இன்னா?" என்று எஸ்தர் கேட்டார். டிரைவர் கேட்டுச் சொன்னார்: நின்தோகு. அந்தப் பெயர் எங்கள் பிள்ளைகளின் வாயில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் அவர் புகை ராஜா ஆகிவிட்டார். கிரகங்களைப் பற்றி அந்த மனிதர் சொன்னது எதுவும் யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குள் நுழைந்தால், எஸ்தர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். "அக்கா, இன்னா பண்றீங்க, இறங்குங்க" என்று கத்தினேன். மேலே போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "ராஜாவுக்கு ஒசரமா ஒரு எடம் இருந்துச்சு. நமக்குத் தொட்டி இருக்கு" என்றார். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. எந்தக் குக்கிராமத்தில் புகை இல்லையோ, அங்கிருந்து வரும் பிள்ளைகளைப் பிரார்த்தனைக்கு முன்னால் விடுதிச் சமையலறைக்கு அனுப்பி ஒரு கரண்டி உப்புமாவாவது போடச் சொல்வார். மதியச் சாப்பாடு வரை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் அதைத் தூக்கம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தோம்.

என் புத்தி சும்மா இருக்குமா? அந்த ராஜாவைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததைக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் போட்டு உடைத்தேன். நின்தோகு அவர்கள் வம்சப் பட்டியலில் பதினாறாவது பேரரசர். அவர் கதையை எழுதிவைத்தவர்கள் அவருக்குப் பல தலைமுறை பிந்தியவர்கள். அவர் ஆண்டதாக எழுதியிருக்கும் எண்பத்தேழு வருஷத்தை நம்புவது கஷ்டம். சக்காய் என்ற ஊரில் அகழி சூழ்ந்த பெரிய மண்மேடு ஒன்றை அவருடைய சமாதி என்கிறார்கள். உள்ளே தோண்டிப் பார்க்க யாரையும் விடுவதில்லை. அதில் கிடப்பது அவர்தானா, வேறு யாராவதா என்று இன்றுவரை முடிவாகவில்லை. "பாதி ஆளு, பாதி கதை. இதைப் போய்ப் பிள்ளைங்களுக்கு வரலாறுன்னு சொல்றீங்களே அக்கா" என்றேன்.

எஸ்தர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சாந்தி, எக்ஸ்னு ஒண்ணு உலகத்துல எங்கியாவது இருக்கா? அதை வச்சு நான் எத்தினி கணக்குப் போடறேன்" என்றார்.

நான் விடவில்லை. அதே ராஜாவின் மனைவி சடங்குக்கு இலை பறிக்க வெளியூர் போயிருந்தபோது, இவர் அரண்மனைக்கு இன்னொருத்தியைக் கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மாள் கேள்விப்பட்டு, பறித்த இலையை எல்லாம் கடலில் கொட்டிவிட்டு வேறு ஊருக்குப் போனவள்தான், சாகும்வரை திரும்பவில்லை. புகைக் கதை இருக்கும் அதே பழைய ஏட்டில்தான் இதுவும் இருக்கிறது. இதைச் சொன்னதும் எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பிப் போகலையா? நல்ல பொம்பள" என்றார். பிறகு, "எங்க வேதத்துல வர்ற ராஜாங்க மட்டும் இன்னா யோக்கியம்? நல்லது பண்ண அன்னைக்கு நல்லவன்னு வச்சிக்குவோம்" என்று சொல்லிவிட்டுத் திருத்தலைத் தொடர்ந்தார். ஆனால் இலைக் கதையைப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதே இல்லை. இதை நான் பதிவு செய்தாக வேண்டும். தனக்கு வேண்டிய கதையை மட்டும் எடுத்துக்கொள்வதில் எஸ்தர் கெட்டிக்காரர்.

அவர் தலைமை ஆசிரியை ஆன பிறகு ஒரு தை மாதத்தில், எங்களுக்கு நேர் மேலே இருக்கும் மேல்கொல்லை என்ற ஊரில் புகையே வரவில்லை. ஒரு நாள் பார்த்தார், இரண்டாம் நாள் பார்த்தார். மூன்றாம் நாள் முகம் வெளிறித் தொட்டியிலிருந்து இறங்கினார். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, ஊரே பட்டினி என்று முடிவு கட்டிவிட்டார். விடுதி அரிசியில் ஒரு மூட்டையை உடற்பயிற்சி ஆசிரியர் தலையில் ஏற்றி, பருப்பை என் தலையில் ஏற்றி, தான் முன்னால் நடந்தார். செங்குத்தான பாதை. நான் வழியெல்லாம் அந்த ஜப்பானிய ராஜாவைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

மேல்கொல்லையில் வெள்ளையன் என்பவர் வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தார். அவருடைய மூத்த மகள் கோகிலா எங்களிடம் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டையோடு வந்து நின்ற எங்களைப் பார்த்து அவர் எழுந்து நின்றார்.

"இன்னாங்க மேடம், மூட்டைலாம் தூக்கிக்கினு?"

"மூணு நாளா ஒரு வூட்லயும் பொக இல்லையே. சாப்ட்டீங்களா இல்லையா?"

வெள்ளையன் எங்களை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். மண் மேடையில் புத்தம் புதிய கேஸ் அடுப்பு, பக்கத்தில் சிவப்பு சிலிண்டர், அதற்கு ஒரு மாலை. "ஊருக்கே குட்த்துட்டுப் போனாங்க. இதுல எங்கேந்துங்க மேடம் பொக வரும்?" என்றார். அந்த அடுப்பில் போட்ட டீயைத்தான் நாங்கள் குடித்தோம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து எங்களையும் மூட்டையையும் பார்த்துச் சிரித்தார்கள். எஸ்தர் அவர்களைவிட அதிகமாகச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பட்டினி என்று நினைத்துப் போன வீட்டில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினோம். அரிசியை நான்தான் திரும்பச் சுமந்தேன், உடற்பயிற்சி ஆசிரியருக்கு வழியில் கால் பிசகிவிட்டது.

"ராஜா செல்லாக் காசு ஆயிட்டாரு" என்றேன் இறங்கும்போது. எஸ்தருக்கு அந்தச் சிரிப்பு தீர்ந்துபோய், வேறு ஏதோ யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதுதான் அந்த யோசனை என்று பின்னால் சொன்னார்.

அடுத்த ஆண்டு சாமை அறுப்பு முடிந்த கையோடு எங்கள் பள்ளி வளாகத்தில் நாய்கள் பெருகின. எங்கிருந்தோ வந்து, சத்துணவுக் கூடத்தின் பின்னால் எச்சில் தட்டுக்குக் காத்துக் கிடந்தன. நாங்கள் விரட்டினோம், ஊராட்சிக்குச் சொல்லி அனுப்பலாமா என்று பேசினோம். எஸ்தர் மட்டும் நாய்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது வெள்ளையன் வூட்டு நாயி. காது கிழிஞ்சிருக்கு பாரு" என்றார். "அது ஏன் இங்க வந்து சோத்துக்கு நிக்குது?"

அன்று மதியமே மேல்கொல்லைக்கு ஏறினார். இந்த முறை என்னையும் கூப்பிடவில்லை, மூட்டையும் இல்லை. போய்ப் பார்த்தால் வீடெல்லாம் பூட்டு. நடக்க முடியாத கிழடுகள் சிலர் மட்டும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் வேன் கொண்டுவந்து, காப்பித் தோட்டத்துப் பழம் பறிக்க ஊரையே ஏற்றிக்கொண்டு போயிருந்தார். கோகிலாவும் போய்விட்டாள். பத்தாவது, மார்ச்சில் பொதுத் தேர்வு. நாங்கள் வருகைப் பதிவேட்டில் விடுப்பு போட்டு, அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் அந்த ஆண்டு பரீட்சை எழுதவில்லை. அதற்கப்புறம் எழுதவே இல்லை. அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கிவந்த எஸ்தரை நான் மறக்க மாட்டேன். அழவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. "அடுத்த வருஷம் வேன் வர்ற அன்னைக்கு நான் அங்க இருப்பேன்" என்றார். சொன்னபடி இருந்தார். மார்கழிப் பனியில் வேன் வந்து நிற்கும் புளியமரத்தடிக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் போய், பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை ஒவ்வொருவராக மறித்தார். நீங்க போங்க, பிழைப்பு இருக்கு, நான் தடுக்கல. பிள்ளைங்கள மட்டும் வுட்டுட்டுப் போங்க. இதைத்தான் எல்லோரிடமும் சொன்னார். வெள்ளையன் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் அவருடைய இரண்டாவது மகன் நின்றான்.

"யாரு பாப்பாங்க மேடம்?"

"நான் பாக்கறேன்."

"உடம்பு சரியில்லாம போச்சுன்னா?"

"நான் பாக்கறேன்னேன்."

"ஹாஸ்டல்ல எடம் இல்லன்னு சொன்னாங்களே."

"எடம் இன்னா, எடம். என் ரூமு இல்ல? உங்க வூட்டுச் சாமைல ஒரு மூட்டை குடுத்துட்டுப் போங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

மேஸ்திரி நேரமாகிறது என்று ஹாரனை அழுத்திக்கொண்டேயிருந்தார். எஸ்தர் வேன் முன்னால் போய் நின்றுகொண்டார். நகரவே இல்லை. ஹாரன் அடித்துக் கை வலித்து மேஸ்திரியே இறங்கி வந்து, "எம்மா, பிள்ளைங்க வந்தாலும் எனக்குத் தொந்தரவுதான், வச்சிக்கங்க" என்றார். அந்த ஆண்டு ஒரு கூட்டம் பிள்ளைகள் எங்களோடு இறங்கி வந்தார்கள்.

இடம் இல்லை என்பது உண்மைதான். விடுதியில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பாய் விரிக்க வழியில்லை. தலைமை ஆசிரியர் அறையின் ஓட்டுக்கூரை பல காலமாக ஒழுகி, மாற்றுவதற்குத் தகரம் வந்து இறங்கியிருந்தது. எஸ்தர் அதைச் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டில் இறக்கிப் போட்டு, மூங்கில் தட்டி கட்டி, பிள்ளைகளைப் படுக்கவைத்தார். தன் அறையில் மேஜை மேல் ஒரு அலுமினியக் குண்டானை வைத்துக்கொண்டார்.

தை பிறப்பதற்குள், பருவம் தப்பிப் பெய்த மழையில் ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவரைக் குண்டானுக்கு எதிரில் உட்காரவைத்தார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து அவர் கோப்பின் மேல் தெறித்தது.

"மேடம், இந்த ரூமுக்குத்தான தகரம் குடுத்தோம்?"

"ஆமாங்க சார். வந்துச்சு."

"எங்க?"

"வாங்க சார், காட்டறேன்."

குடை பிடித்து அழைத்துப் போனார். தகரத்தின் அடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "இங்க படுக்கவைக்க உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தா?" என்று கேட்டார்.

"மழைல படுக்கவைக்கவும் யாரும் அனுமதி குடுக்கலிங்க சார்" என்றார் எஸ்தர்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதிக்கொடுத்தேன், பணிவாக, விதிமுறைகளை எல்லாம் மேற்கோள் காட்டி. அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, தன் கையால் இரண்டே வரி எழுதி அனுப்பினார். நான் நனையலாம், பிள்ளைகள் நனையக்கூடாது என்று முடிவு செய்தேன். என் மேல் எடுக்கும் நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வேலையே போய்விடும் என்று பயந்தேன். கடைசியில் கடுமையாக எச்சரிக்கிறோம் என்று ஒரு தாள் வந்தது. அடுத்த மார்கழியில் எஸ்தர் மறுபடியும் புளியமரத்தடிக்குப் போனார். அதற்கடுத்த மார்கழியிலும்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. புகை ராஜா கதையின் கடைசிப் பகுதி இப்படி: ஜனங்கள் செழித்தபின், யாரும் கூப்பிடாமலே தாங்களே திரண்டு வந்து, கிழவர்களைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு, ராத்திரி பகல் பாராமல் மரம் சுமந்து அரண்மனையைக் கட்டிக்கொடுத்தார்களாம். எனக்கு இந்தக் கதையில் கொஞ்சமும் நம்பிக்கையில்லாத இடம் அதுதான். ராஜாவிடம் சம்பளம் வாங்கியவன் எழுதியது என்று படித்த அன்றே சொன்னேன். எங்கள் மலையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பங்குனியில் தோட்டத்திலிருந்து திரும்பி வருபவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக எஸ்தரின் அறைக்குத்தான் வருவார்கள். எல்லோர் கண்ணிலும் அந்தக் குண்டான் படும். வெள்ளையன் ஒருமுறை ஆற அமர நிமிர்ந்து ஓட்டைப் பார்த்தார்.

"ஒழுவுதுங்களா மேடம்?"

"ஆமா."

"மழைன்னா ஒழுவத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஒரு ஓடு எடுத்து வைக்க ஒருத்தனுக்கும் மனசு வரல பாருங்க அக்கா. உங்க ராஜா கதை இங்க பாதிலயே நின்னுபோச்சு" என்றேன். எஸ்தர் குண்டான் தண்ணீரை ஜன்னல் வழியே ஊற்றிக்கொண்டிருந்தார். "அவங்கதான் பிள்ளைங்கள வுட்டுட்டுப் போறாங்களே சாந்தி. இத்த விட இன்னா குடுப்பாங்க? விடை வந்தாச்சு. நீ எதுக்கு அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதற?" என்றார். எனக்கு அன்றைக்கு அது சமாதானமாகப் படவில்லை. இன்றைக்கும் அந்த ஓட்டை மாற்றியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அடக்கத்துக்குப் படவேட்டுப் பக்கம் போனபோது, மலையிலிருந்து வேன் வேனாக ஆட்கள் இறங்கியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேயும் கூட்டம் நின்றது. குழியில் மண் போடும் முன்னாலேயே கதைகள் கிளம்பிவிட்டன. மேல்கொல்லைப் பாதையில் கரடி மறித்ததாம், எஸ்தர் குடையை விரித்ததும் அது வணங்கிவிட்டுப் போனதாம். பிள்ளைகள் சாப்பிடும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம். கடைசி நாள்வரை விடியற்காலையில் தொட்டி ஏறினாராம். நான் ஒவ்வொருவரிடமும் போய்த் திருத்தினேன். கரடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் எஸ்தர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். முழங்கால் வலி வந்த பிறகு ஏணியில் காலே வைக்கவில்லை, நாய்களைப் பார்த்தே எந்த ஊர் காலி என்று சொல்லிவிடுவார். கோபம் வந்தால் நாட்கணக்கில் பேசமாட்டார். சுண்ணாம்புக்கட்டியை ஒடித்து ஒடித்துத்தான் கொடுப்பார், முழுசாகக் கேட்டால் முறைப்பார். பிரார்த்தனைப் பாட்டை அவர் பாடினால் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொள்வார்கள்.

எங்களிடம் படித்து இப்போது நர்ஸாக இருக்கும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வுடுங்க" என்றாள். விட்டேன். ஆனால் எழுத்தில் விடமாட்டேன். சுண்ணாம்புக்கட்டியை ஒடித்த மனுஷிதான் வேன் முன்னால் நின்றார். கரடியை வணங்கவைத்தவராக இருந்தால் அவருக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. முழங்கால் வலியும் முன்கோபமும் உள்ள ஒருவர் அதைச் செய்தார் என்பதுதான் விஷயம். என்னாலும் உங்களாலும் முடியாது என்று சொல்ல அதற்குப் பிறகு நமக்கு வாய் இல்லை.

பள்ளிப் பொறுப்பு இப்போது என்னிடம். வந்த வாரத்திலேயே போன் வந்தது. பழைய அதிகாரி மாறிப்போய்ப் புதியவர் வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்த மேடம் இருந்தவரைக்கும் சரி. அவங்க பேருக்காக நாங்களும் கண்டுக்கல. ஆனா அது அவங்களோட போச்சுன்னு வச்சிக்கலாம். இந்த வருஷம் பிள்ளைங்கள அவங்கவங்க அப்பா அம்மாவோட அனுப்பிடுங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

மைதானத்து மூலையில் நின்றுகொண்டிருந்தேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நாய்கள் இன்னும் வரவில்லை. அறுப்பு இன்னும் முடியவில்லை. "நான் பதில் சொல்றேன் சார்" என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றார். யோசிக்க வேண்டியதை யோசித்துவிட்டேன், எழுதியும் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பிவிட்டேன். என் பதில் நாலு பக்கம்தான். எனக்கு அப்படித்தான் வரும், நான் எஸ்தர் இல்லை.

அடக்கம் முடிந்த அன்று சாமுவேல் எஸ்தரின் அலமாரியைத் திறந்து, "அக்கா ஞாபகமா ஏதாச்சும் எடுத்துக்குங்க டீச்சர்" என்றார். கைக்கடிகாரம் இருந்தது, கண்ணாடி இருந்தது, நான் வாங்கிக்கொடுத்த ஒரு சால்வை இருந்தது. எதையும் எடுக்க மனம் வரவில்லை. அப்புறம் சொல்றேன் என்று வந்துவிட்டேன்.

இன்று காலை மேல்கொல்லைக்கு வேன் வந்தது. புளியமரத்தடிக்கு நான் போனேன். யாரும் பிள்ளைகளைத் தனியே நிறுத்தவில்லை. பைகளோடு சேர்த்து அவர்களையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். வெள்ளையன் மட்டும் கடைசி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டருகே நின்றார். அவள் பெயர் திவ்யா. பத்தாவது படிக்கிறாள்.

"அந்தம்மா இல்லையேன்னு இந்த வருஷம் கூடவே இட்டுகினு போய்டலாம்னு பேசிக்கினோம் டீச்சர்" என்றார்.

"யாரைக் கேட்டுப் பேசிக்கினீங்க?"

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். வேனுக்குள் எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. எனக்கு எஸ்தரின் குரல் கிடையாது. ஆனாலும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளைங்கள இறக்குங்க. மார்ச் பரீட்சை முடியறவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

வெள்ளையன் மகளின் கையை விட்டார். அவள் என் பக்கம் வந்து நின்றாள். அவர் வேனுக்குள் குனிந்து, "சாமை மூட்டைய எடு" என்று யாரிடமோ சொன்னார். உள்ளேயிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள்.

சாமுவேல், எதை எடுத்துக்கொண்டேன் என்று இப்போது சொல்லலாம். பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன்.